கட்டாயக் கல்வி: யாருக்குக் கட்டாயம்?

‘கட்டாயக் கல்வி’ என்னும் தொடரில் ஒரு வெற்றிடம் உண்டு. கட்டாயப்படுத்துபவர் யார், கட்டாயத்திற்கு உட்படுபவர் யார் என்பதை அது சொல்வதில்லை. குஜராத்தியர் இதனை ‘பர்ஜியாத்’ என்பர். கடமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. மராத்தியர் ‘சக்தி’ என்பர். இது வடமொழிச் சக்தி அன்று, கடுமையைக் குறிக்கும் பாரசீகச் சொல். இந்தியின் ‘அனிவார்ய’ தவிர்க்க முடியாதது என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. மூன்றிலும் ஆள் இல்லை. அந்த ஆளை ஒவ்வொரு காலத்துச் சட்டமும் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. பள்ளிக்கு வராத பிள்ளைக்காக யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அவ்வாறே தீர்மானிக்கப்பட்டது.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் ஜோதிராவ் புலே அளித்த மனுவில் இக்கேள்வி தெளிவாகவே எழுப்பப்பட்டிருந்தது. அரசின் வருவாய் பெரும்பாலும் உழவர்களின் உழைப்பிலிருந்து வருகிறது. செலவாவதோ மேல்சாதியார் பயிலும் உயர்கல்விக்கு என்று அவர் சுட்டிக்காட்டினார். குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டார். அதே மனுவில், மாடு மேய்க்கவும் வயலைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் தேவைப்படுவதால் ஏழைகள் அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை என்றும், உதவித்தொகையும் பரிசும் தந்து ஊக்குவிக்க வேண்டும் என்றும் எழுதினார். கட்டாயமும் ஆதரவும் அவர் எழுத்தில் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். பின்னால் வந்தவர்கள் முதற்பகுதியை எடுத்துக்கொள்வதில் காட்டிய ஆர்வத்தை இரண்டாம் பகுதியில் காட்டவில்லை.

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் அம்ரேலி வட்டத்தில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கினார். 1906இல் அது சமஸ்தானம் முழுவதற்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கு 7 முதல் 12 வயது வரை, பெண் பிள்ளைகளுக்கு 7 முதல் 10 வயது வரை. பிரிட்டிஷ் இந்தியாவில் எங்கும் இல்லாத துணிவு அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டத்தின் கைப்பிடி அபராதம்தான். பிள்ளையை அனுப்பாத பெற்றோர் பணம் கட்ட வேண்டும். பிள்ளையின் உழைப்பு இல்லாமல் அடுப்பு எரியாத வீட்டுக்கு அபராதம் அறிவுரையாகப் படுவதில்லை. அவ்வுழைப்புக்கு விதித்த வரியாகவே படும்.

பரோடாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு கோபால கிருஷ்ண கோகலே 1911 மார்ச்சில் தலைமை ஆளுநரின் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அதனை இன்று படிப்பவருக்கு அதன் அடக்கம் வியப்பளிக்கும். உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால் மட்டுமே கட்டாயம். அதுவும் பள்ளி செல்லும் பிள்ளைகளின் விகிதம் முன்னரே ஓரளவை எட்டிய இடங்களில். முதலில் 6 முதல் 10 வயதுவரையான ஆண் பிள்ளைகளுக்கு. நோயும் வீட்டுத் தேவையும் அறுவடைக்கால வேலையும் பிள்ளை வராமைக்குத் தக்க காரணங்களாக ஏற்கப்பட்டன. மாத வருமானம் 10 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணம் இல்லை. ஏழை வீட்டின் நிலை கோகலேவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் மசோதாவால் அவ்வீட்டுக்கு விலக்குத்தான் தர முடிந்தது, துணை தர முடியவில்லை. மக்களிடமிருந்து கட்டாயத்திற்கான கோரிக்கை எழவில்லை என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. 1912 மார்ச் 19 அன்று 13க்கு எதிராக 38 வாக்குகளால் மசோதா வீழ்ந்தது.

கோலாப்பூரில் வேலை வேறு முனையிலிருந்து தொடங்கிற்று. சாகு மகாராஜ் சட்டத்துக்கு முன் விடுதிகளை எழுப்பினார். 1901இல் மராத்தா மாணவர்களுக்கும் சமண மாணவர்களுக்கும் விடுதிகள் அமைந்தன. 1908இல் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் மாணவர்களுக்கு மிஸ் கிளார்க் விடுதி. சாதிக்கொரு விடுதி என்பது இன்று நெருடலாம். ஆனால் ஊரிலிருந்து நகரத்துக்கு வரும் பையனுக்கு முதற்சிக்கல் பாடநூல் அன்று. இரவு எங்கே படுப்பது, யார் வீட்டில் சோறு கிடைக்கும் என்பதே. சோற்றையும் திண்ணையையும் சாதி காவல்காத்த ஊரில் அதனைச் சட்டத்தால் தீர்க்க இயலாது. தொடக்கக் கல்வி அங்கே கட்டாயமானது 1917இல், விடுதிகள் எழுந்து பல்லாண்டுகள் கழிந்த பின். தீண்டப்படாதாருக்கெனத் தனியே இருந்த பள்ளிகளை மூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப்பள்ளியில் சேர்க்கும் ஆணை 1919இல் வந்தது.

கோலாப்பூர் விடுதிவழி வளர்ந்தவர் பாவுராவ் பாட்டீல். 1919இல் ரயத் சிட்சண் சன்ஸ்தா என்னும் அமைப்பைத் தொடங்கிய அவர், சாத்தாராவில் நடத்திய விடுதியில் எல்லாச் சாதி மாணவர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். மாணவர் சோற்றுக்குப் பணமில்லாதபோது அவர் மனைவி லட்சுமிபாய் தம் நகைகளையும், இறுதியில் தாலியையும் கொடுத்தார். கல்வி வரலாற்று நூல்களில் இது பெரும்பாலும் தியாகக் கதையாக ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அரசு செலவிட வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் தாலி செலவானது என்றும் அவ்வரியைப் படிக்கலாம்.

சோறு கல்விச் செலவா என்ற கேள்வி சென்னையில் அலுவலகக் கோப்பாகவே எழுந்தது. 1920இல் தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவருக்கு ஒரு வேளை உணவளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்காததால் 1925இல் அது நின்றுபோயிற்று.

விடுதலைக்குப் பின் அரசமைப்பின் 45ஆம் கூறு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்றது. 1960 வந்தது, போயிற்று. 1991இல் மைரன் வீனர் என்னும் அமெரிக்க அறிஞர், இந்திய அரசு பெற்றோரைக் கட்டாயப்படுத்தத் தயங்குவதே சிக்கல் என்று வாதிட்டார். நடுத்தர வர்க்கத்தின் அலட்சியத்தை அவர் நன்றாகவே அடையாளம் கண்டார். மருந்தைத்தான் பழைய இடத்திலேயே தேடினார். 1999இல் வெளிவந்த புரோப் அறிக்கை, பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய வட மாநிலச் சிற்றூர்களில் பெற்றோரையே கேட்டது. ஆண் பிள்ளைக்குக் கல்வி முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 98 பேர். பெண் பிள்ளைக்கு 89 பேர். விருப்பம் இருந்தது, இயங்கும் பள்ளி இல்லை. ‘மக்கள் கேட்கவில்லை’ என்ற 1912இன் வாதத்துக்கு இதைவிடத் தாமதமான மறுப்பு இருந்திருக்க முடியாது.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அதுவரை பல மாநிலங்கள் மாதத்துக்கு மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி வந்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் பிரிவில் ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கே விளக்கம் எழுதிற்று: அது அரசின் கடப்பாடு. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாம் பிரிவு சொல்கிறது. தவறினால் அபராதம் என்று எங்கும் சொல்லவில்லை. அம்ரேலியில் நிரப்பப்பட்ட வெற்றிடத்தில் 116 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு பெயர் எழுதப்பட்டது.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறாண்டுகளில், 2016இல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்ற திருத்தம், ஒரு விலக்கையும் சேர்த்தே கொண்டுவந்தது. பள்ளி முடிந்த பின்னும் விடுமுறை நாட்களிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பிள்ளை வீட்டாருக்கு உதவலாம். புலேயின் மனுவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு இப்போது நேரம் குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.