அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பு நேரம்

அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பு நேரம் என்பது நோயாளி ஒருவர் அப்பிரிவை அடைந்தது முதல் மருத்துவர் அவருக்குச் சிகிச்சையைத் தொடங்கும் வரையுள்ள காலம் ஆகும். சில நாடுகளில், நோயாளி உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் அல்லது வீடு திரும்பும் வரையுள்ள மொத்த நேரமும் கணக்கிடப்படுகிறது.

வரிசை முறை

புறநோயாளிப் பிரிவில் முதலில் வந்தவர் முதலில் பார்க்கப்படுவார். அவசர சிகிச்சைப் பிரிவிலோ நோயின் கடுமையே வரிசையைத் தீர்மானிக்கிறது. 2010களின் பிற்பகுதியில் தொடங்கிய 'தாய்' எனப்படும் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்படி, நோயாளிகள் மூன்று நிறங்களாகப் பிரிக்கப்படுகின்றனர்.

* சிவப்பு - உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர்கள்
* மஞ்சள் - விரைவில் சிகிச்சை தேவைப்படுபவர்கள்
* பச்சை - காத்திருக்கக் கூடியவர்கள்

நோயாளியின் நிலை மாறக்கூடும் என்பதால் காத்திருப்பவரை மீண்டும் மீண்டும் சோதிப்பது இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, பாம்புக்கடிக்கு உள்ளானவர் நலமாக நடந்து வரலாம். நஞ்சு இரத்தத்தைப் பாதித்துள்ளதா என்பதை 20 நிமிட இரத்த உறைதல் சோதனை காட்டும். நெஞ்சுவலியுடன் வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும்.

தாமதத்தின் காரணங்கள்

சிறு நோய்களுடன் வருபவர்களின் கூட்டமே தாமதத்துக்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் உள்நோயாளிப் பிரிவில் படுக்கை கிடைக்காமல், சேர்க்கப்பட வேண்டியவர்கள் அவசரப் பிரிவிலேயே தங்கிவிடுவது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். இங்கிலாந்தில் 95 விழுக்காட்டினர் 4 மணி நேரத்துக்குள் உள்நோயாளியாகச் சேர்க்கப்படவோ, வேறிடம் மாற்றப்படவோ, வீட்டுக்கு அனுப்பப்படவோ வேண்டும் என்ற இலக்கு 2015 ஆம் ஆண்டுக்குப் பின் எட்டப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

தருமபுரி மாவட்டம்

தருமபுரி மாவட்டத்தில் காத்திருப்பு மருத்துவமனை வாயிலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தேசிய நெடுஞ்சாலை 44 இல் உள்ள தொப்பூர் கணவாய் விபத்துகள் மிகுந்த சரிவான சாலைப்பகுதி. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் இருந்து நோயாளியைக் கீழே கொண்டுவருவதற்கே நேரம் செலவாகிறது. 2008 ஆம் ஆண்டில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும், மாநிலத்தில் 108 அவசர ஊர்திச் சேவையும் தொடங்கப்பட்டன. ஊர்தி வந்துசேரும் முன்பே நோயாளியின் நிலையை மருத்துவமனைக்குத் தெரிவிக்கும் முறை, வந்தபின் ஏற்படும் தாமதத்தைக் குறைக்க உதவுகிறது.

சட்டமும் அரசுத் திட்டமும்

விபத்தில் காயமுற்ற ஒருவரை, காவல்துறை தொடர்பான வழக்குகளை ஏற்க அனுமதி இல்லை எனக் கூறி ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்பியது. அவர் 20 கி.மீ. தொலைவில் இருந்த வேறு மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் இறந்தார். இது தொடர்பான பரமானந்த் கட்டாரா வழக்கில், சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திராமல் உயிர் காக்கும் சிகிச்சை அளிப்பது எல்லா மருத்துவர்களின் கடமை என இந்திய உச்ச நீதிமன்றம் 1989 இல் தீர்ப்பளித்தது.

பணம் கட்டுவதற்காக ஏற்படும் தாமதத்தைத் தவிர்க்க, தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.