வேவு விமானமாகத் தோன்றிய வெள்ளி

வானில் இனந்தெரியாத ஒளியைக் கண்டு மருளுதல் பாமரர்க்கே உரியது என்று கருதுவோர் பலர். பயிற்சி மிக்க படைவீரரும் அதற்கு விலக்கல்லர் என்பதை லடாக்கில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டும்.

இந்தியாவும் சீனாவும் எதிர் நிற்கும் அவ்வுயர்நிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 4,200 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், பாங்காங் ஏரி நீண்டு கிடக்கின்றது. 1962 ஆம் ஆண்டுப் போரில் குருதி சிந்திய நிலம் அது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை அவ்வேரியின் மேல் ஒளிப்பொருள்களைக் கண்டதாக இந்தியப் படையினர் 329 குறிப்புகள் எழுதினர். அவற்றுள் 155 முறை அவை எல்லைக்கோட்டைக் கடந்தன என்றும் கணக்கிட்டனர். சீனத்தினின்று ஏவப்பட்ட ஆளில்லா வேவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்தது.

அதனைத் தீர்க்கும் பொறுப்பு, பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் வந்தது. 1792 இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் வழித்தோன்றலே இந்நிறுவனம். அவ்வொளிகள் விண்மீன்களுக்கிடையே எவ்வாறு இடம் பெயர்கின்றன என்பதை அதன் அறிஞர்கள் ஆராய்ந்து, ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி என முடிவு கூறினர். 2013 ஜூலையில் அச்செய்தி வெளியாயிற்று.

பிழை நேர்ந்தது எவ்வாறு? அவ்வுயரத்தில் காற்று மெலிந்தது; தூசும் குறைவு. ஆதலின் கோள்கள் சமவெளியிற் காண்பதினும் ஒளிமிக்குத் தோன்றும். 2012 இன் பிற்பகுதியில் வெள்ளி விடியலுக்கு முன் கீழ்வானில் நின்றது. வியாழனோ, டிசம்பர் 3 அன்று ஞாயிற்றுக்கு நேரெதிரே வந்து இரவு முழுதும் சுடர்ந்தது. இருளில் தனித்த ஓர் ஒளியை உற்று நோக்கினால், அசையாததும் அசைவதாகக் கண்ணுக்குத் தோன்றுதல் இயல்பு. மேலும், புவியின் சுழற்சியால் வானொளிகள் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகர்வதாகக் காண்கிறோம். அந்நகர்ச்சியை எல்லை கடத்தல் எனக் கொள்ளுதல் அரிதன்று.

விடிவெள்ளியைக் கண்டு ஏர் பூட்டப் புறப்பட்ட நம் முன்னோர்க்கு அது நாள்தோறும் பழகிய ஒளி. இன்றைய மாணவர் கோள்களின் பெயரை வரிசையாக ஒப்புவிப்பர். வானில் அவற்றைச் சுட்டிக் காட்டுவோர் சிலரே. அண்டை நாட்டார் மீது பகை வளர்க்கக் கூடிய 155 குறிப்புகளை வெறும் வான்குறிப்புகளாக மாற்றியது படைக்கலம் அன்று. பொறுமையுடன் அளந்து பார்த்த அறிவே. அவ்வறிவின் முதற்பாடம், மாணவரை ஓரிரவு வெளியே அழைத்துச் சென்று, வெள்ளி எது, வியாழன் எது என்று காட்டுவதில் தொடங்குகிறது.