ஏரி மீன்களும் விலங்கு மிதவையுயிரிகளும்

ஏரி, குளம், நீர்த்தேக்கம் ஆகியவற்றின் நடுநீரில் மிதந்தும் தத்தியும் வாழும் மிகச் சிறு விலங்குகள் விலங்கு மிதவையுயிரிகள் எனப்படும். ஓர் ஏரியில் இவற்றுள் எந்த இனம் வாழும், எவ்வளவு பெரிதாக வளரும், பகல் பொழுதை எந்த ஆழத்தில் கழிக்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அங்குள்ள மீன்களே முடிவு செய்கின்றன. நீரின் வெப்பமும் கரைந்துள்ள சத்துகளும் கிடைக்கும் பாசியுமே இதற்குக் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலோர் கருதினர்.

உயிரிகள். நன்னீர் மிதவையுயிரிகளில் மூன்று கூட்டத்தினர் முக்கியமானவர்கள். சக்கர உயிரிகள் (ரோட்டிஃபர்கள்) பெரும்பாலும் அரை மில்லிமீட்டரையும் எட்டாதவை. துடுப்புக்காலிகளில் சைக்ளாப்ஸ் நமக்குப் பழக்கமானது. நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமந்து கிணற்று நீர் வழியே மனிதருக்குக் கொடுத்தது இதுதான். மூன்றாவது கூட்டம் நீர்த்தெள்ளுகள். அலங்கார மீன் வளர்ப்போர் குஞ்சுகளுக்கு இரையாகக் கேட்டு வாங்கும் மொய்னா, டாஃப்னியா, மிகச் சிறியதான பாஸ்மினா ஆகியவை இதில் அடங்கும். டாஃப்னியாவில் பெரிய இனம் 5 மில்லிமீட்டர் வரை வளரும். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடல் கண்ணாடி போலவே தெரியும். கறுப்பாய் ஒற்றைக் கண், பாசி நிறைந்த பச்சைக் குடல், முதுகுப் பையில் முட்டைகள் ஆகியவை மட்டும் தனித்துத் தெரியும். மீனின் பார்வையில் படுவனவும் இவையே.

வேட்டை முறை. கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகக் கொத்தும் மீன்கள் பெரிய இரையைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்கின்றன. ஆகவே பெரியவையே முதலில் தீர்கின்றன. வெள்ளிக் கெண்டை போன்றவை நீரை வாயில் வாங்கிச் செவுள் முட்களில் வடிகட்டி உண்பவை. அவற்றிடம் அளவைவிட ஓட்டத்திறனே உயிரைக் காக்கும். துடுப்புக்காலி ஒரே துள்ளலில் உறிஞ்சலுக்குத் தப்பிவிடும். மெல்லத் தத்திச் செல்லும் டாஃப்னியாவால் அது முடியாது.

வரலாறு. இத்துறையின் தொடக்கம் செக் நாட்டின் பொஹீமியாப் பகுதியிலுள்ள கெண்டைக் குளங்களில் உள்ளது. திரெபோன் நகரைச் சுற்றி இடைக்காலம் முதல் வெட்டப்பட்ட குளங்களில் 1590-இல் முடிந்த ரோஷம்பெர்க் குளம் மிகப் பெரியது. அப்பண்ணைகளை நிர்வகித்த யோசெஃப் ஷுஸ்தா, கெண்டைகளின் குடலைத் திறந்து பார்த்து, அவை முதன்மையாக உண்பது சேறும் செடியும் அல்ல, சிறு விலங்குகளே என்று காட்டினார். கெண்டையின் உணவு பற்றிய அவரது நூல் 1888-இல் வெளிவந்தது. மீன் எதைத் தின்கிறது என்ற கேள்விக்கு அதில் விடை கிடைத்தது. தின்றபின் குளத்தில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்க இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

அக்கேள்வியை எழுப்பியவர் செக் நன்னீர் உயிரியல் அறிஞர் யாரோஸ்லாவ் ஹர்பாச்செக். எல்பே ஆற்றின் பழைய கிளைகளாகித் தேங்கிப்போன நீர்நிலைகளை 1950-களில் அவரும் உடனிருந்தோரும் ஆராய்ந்தனர். மீன் அடர்ந்த நீரில் பாஸ்மினாவும் சக்கர உயிரிகளுமே இருந்தன. நீர் கலங்கலாகப் பச்சை பூத்திருந்தது. மீன்களை அகற்றியபின் அதே நீரில் டாஃப்னியா பெருகியது, நீரும் தெளிந்தது. இதுபற்றி 1961-இல் அச்சான அவர்களது கட்டுரையில் பிற்காலத்து ஆய்வுகளின் கரு முழுவதும் இருக்கிறது.

ஆயினும் புகழ் அமெரிக்காவுக்குப் போயிற்று. கனெக்டிகட் மாநிலத்தின் கிரிஸ்டல் ஏரியில் 1942-இல் எடுத்த மாதிரிகள் ஜான் லாங்டன் புரூக்ஸிடம் இருந்தன. பிறகு, மத்தி குடும்பத்தைச் சேர்ந்த நீலமுதுகு ஹெர்ரிங் மீன் அந்த ஏரிக்குள் புகுந்து பெருகியது. 1964-இல் மீண்டும் வலை வீசியபோது டாஃப்னியாவும் பெரிய துடுப்புக்காலிகளும் இல்லை. பாஸ்மினாவும் குட்டி சைக்ளாப்ஸ் வகையுமே கிடைத்தன. மிகுதியாகக் காணப்பட்ட உடல் அளவு சுமார் 0.8 மில்லிமீட்டரிலிருந்து 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தது. புரூக்ஸும் ஸ்டான்லி டாட்சனும் 1965-இல் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டு ஒரு விளக்கமும் தந்தனர். பெரிய உயிரிகள் பாசியைத் திறமையாக வடிகட்டுவதால் மீனில்லா ஏரியில் சிறியவற்றை ஒதுக்கிவிடும். மீன் வந்தால் பெரியவை இரையாகிச் சிறியவை தழைக்கும் என்பது அது. விளக்கத்தின் முதற்பாதி பின்னர் கேள்விக்குள்ளானது. மீனில்லாத இடத்தில் சிறியவற்றைக் குறைப்பதில், கண்ணாடிப் புழு எனப்படும் கேயோபோரஸ் போன்ற முதுகெலும்பில்லா வேட்டையாளிகளுக்கும் பெரும் பங்குண்டு. பாடநூல்கள் இன்றும் புரூக்ஸ், டாட்சன் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. அவ்விருவரே தம் கட்டுரையில் ஹர்பாச்செக்கைச் சுட்டியிருப்பதால், முதன்மை யாருக்கு என்பதில் ஐயமில்லை.

கண்ணும் நிலவும். பனாமாவின் காட்டூன் ஏரியில் செரியோடாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இரு வடிவங்களில் உண்டு. கொம்புள்ளதற்குக் கண் சிறியது, கொம்பில்லாததற்குப் பெரியது. மீன் தேர்ந்து தின்பது பெருங்கண் வடிவத்தையே. கருமை கண்ணில் படுவதே காரணமா என்றறிய, தாமஸ் ஸாரெட் (1972) உயிரிகளுக்கு மையூட்டிக் குடலைக் கறுப்பாக்கிப் பார்த்தார். மீன்கள் மையுண்டவற்றை நாடின.

கண்ணில் படாமலிருக்க எளிய வழி பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலேறுவது. போலந்தின் டாட்ரா மலை ஏரிகளில், மீன் எவ்வளவு காலமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு சைக்ளாப்ஸின் ஏற்ற இறக்கமும் பெரிது என்று மாசியெய் கிலிவிச் 1986-இல் காட்டினார். மொசாம்பிக்கின் கஹோரா பாசா நீர்த்தேக்கத்தில் அவர் கண்டது இன்னும் வியப்பானது. பௌர்ணமி கழிந்த நாட்களில் நிலவு, சூரியன் மறைந்து சற்று நேரம் கழித்தே எழும். இருட்டை நம்பி மேலே வந்த உயிரிகள்மீது திடீரென்று நிலவொளி விழ, மத்தி மீன்கள் அவற்றை வாரித் தின்கின்றன. இதனால் நிலவின் சுற்றுக்கு ஏற்ப உயிரிகளின் எண்ணிக்கை மாதந்தோறும் சரிகிறது.

நீரின் தெளிவு. டாஃப்னியா போனால் பாசி பெருகும். விஸ்கான்சின் மாநில மெண்டோட்டா ஏரியில் 1987 கோடையில் வெப்பத்தால், டாஃப்னியாவை உண்ணும் சிஸ்கோ மீன்கள் திரளாக இறந்தன. அதன்பின் பெரிய டாஃப்னியா இனம் ஓங்கி, நீர் தெளிந்தது. மீனை வேண்டுமென்றே குறைத்து நீரைத் தெளிவாக்கும் முறைக்கு ஜோசப் ஷாப்பிரோ 1975-இல் உயிரிக் கையாளுகை என்று பெயரிட்டிருந்தார். ஆண்டு முழுவதும் மீன் குஞ்சு பொரிக்கும் வெப்ப நாடுகளில் இது எளிதில் எடுபடுவதில்லை. பெரிய டாஃப்னியா இந்நாடுகளில் அரிதாக இருப்பதற்கும் அது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நம் மீன் பண்ணையாளர்கள் இதே உறவை மறுமுனையிலிருந்து பயன்படுத்துகின்றனர். நாற்றங்கால் குளத்தில் சாணமிட்டு மிதவையுயிரிகளைப் பெருக்கி, 50 லிட்டர் நீரை வலையில் வடித்தால் 1 முதல் 2 மில்லிலிட்டர் தேறிய பிறகே குஞ்சு விடுவர். மேல்நோக்கிய அகன்ற வாயுள்ள கட்லாவுக்கு இவையே முதன்மை உணவு.

இன்றைய நிலை. ஏரிச் சேற்றில் புதைந்த பழைய முட்டைகளைப் பொரிக்கவைத்து, மீன் மிகுந்த காலத்திலும் குறைந்த காலத்திலும் டாஃப்னியாவின் இயல்பு மாறியதைக் கண்டுள்ளனர். அது மீனை மணத்தால் அறிந்தே ஆழத்துக்கு இறங்குகிறது. அந்த வேதிப்பொருள் கெண்டைக் குடும்ப மீன்களின் பித்த உப்புகளில் ஒன்று என 2019-இல் அடையாளம் காணப்பட்டது. கொழுப்பைச் செரிக்க அது மீனுக்குத் தேவை.