மிச்சமான ஒரு ஹோஸ்

போன மாசம் ஃப்ரெண்டோட காருக்கு நானும் அவனும் சேர்ந்து புது ஏர் இன்டேக் மாட்டினோம். பழைய ஃபில்டர் பாக்ஸைக் கழற்றி, அலுமினியக் குழாயை வெச்சு, கிளாம்ப் எல்லாம் டைட் பண்ணியாச்சு. கடைசியில் ஒரு ரப்பர் ஹோஸ் மட்டும் தொங்கிட்டு இருந்தது. "இன்ஜின் மூச்சு விடுற குழாய்தான்டா, அப்படியே விட்டுடு"ன்னான். விட்டோம். ஐடிலிங்ல வண்டி குலுங்கிச்சு. மறுநாளே செக் இன்ஜின் லைட்!

அந்த ஹோஸ் எதுக்குன்னு தேடப் போய், லாஸ் ஏஞ்சலஸ் வரலாற்றில் வந்து நின்னேன்.

இன்ஜினுக்குள்ள எரியிற வாயுவில் கொஞ்சம், எரியாத பெட்ரோலோட சேர்ந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே கிராங்க்கேஸுக்குள் கசியும். அதை வெளியேத்தலைன்னா அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கிடும். அந்தக் காலத்து கார்களில் இதுக்கு ஒரே வழிதான்: இன்ஜினிலிருந்து ரோட்டைப் பார்த்து ஒரு திறந்த குழாய். அழுக்கு எல்லாம் நேரா நம்ம காத்துல.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸை ஒரு புகை மூடுது. கண் எரியுது, தொண்டை கமறுது. காரணம் யாருக்கும் புரியலை. 1950-களின் தொடக்கத்தில் கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் விடை சொன்னார். அதுக்கு முன்னாடி அவர் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த வேதியியலாளர்! வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடுற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் ஆகுதுன்னு காட்டினார். கார் விடுற ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் திறந்த குழாய் வழியாத்தான் வந்தது.

தீர்வு ரொம்ப சிம்பிள். ஒரு வால்வு, ரெண்டு ஹோஸ். ஒரு ஹோஸ் சுத்தமான காத்தை கிராங்க்கேஸுக்குள் கொண்டுபோகும். இன்னொன்று அழுக்கு வாயுவை பி.சி.வி. வால்வு வழியா இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கும். 1961-லேயே கலிஃபோர்னியாவின் புது கார்களில் இது வந்துடுச்சு. நாடு முழுக்க வந்தது 1963 மாடல்களில்தான்.

ஏன் அந்த இடைவெளி? இங்கதான் கதை சூடு பிடிக்குது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, பெரிய கார் கம்பெனிகள் மேல வழக்குப் போட்டது. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாமதப்படுத்த அவங்க கூடிப் பேசினாங்க என்பது குற்றச்சாட்டு. இந்த வால்வும் அதில் உண்டு. விசாரணை நடக்கவே இல்லை, அதே வருஷம் சமரசத்தில் முடிஞ்சது.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். கிராங்க்கேஸ் இழுக்குற காத்தும் ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கில் வரணும். நாங்க ஹோஸைத் தொங்கவிட்டதால் கணக்கில் வராத காத்து உள்ளே போயிடுச்சு. புரோகிராமர் பாஷையில் சொன்னா, இன்புட்டே தப்பு! சரியான அளவில், ஆயில் தாங்குற ஹோஸ் வாங்கி, சென்சாருக்கு அந்தப் பக்கம் இன்டேக் குழாயில் இருந்த முனையில் மாட்டினோம். குலுங்கல் நின்னுடுச்சு.

சில பேர் அந்த ஹோஸை எடுத்துட்டு ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகிடுவாங்க. பார்க்க ஸ்டைலாத்தான் இருக்கும். ஆனா அது அந்தப் பழைய திறந்த குழாயேதான், தலையில் ஒரு தொப்பியோட. பின்னாடி பைக்கில் வர்றவங்க மூக்கையும் கொஞ்சம் நினைச்சுக்கங்க, மக்களே.