சாடியில் தட்டிய கட்டி

முளைவிட்ட நெல்லைக் கொண்டு வீட்டிலேயே மது வடித்த முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாகச் சொல்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிட்டு, அதன் பிறகே முளைமாவைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைந்ததும் விரலால் அலைத்து வடிக்கிறார்கள். முளைமாவுக்குப் புலவர் காட்டும் உவமை கறையான் புற்றின் குரும்பி. பஞ்சுபோலத் துளைதுளையாகக் கிடக்கும் அந்தப் புற்றாஞ்சோற்றைப் பார்த்தவர்களுக்கு, சாடிக்குள் மிதந்தது வழவழவென்ற கூழல்ல என்பது புரியும்.

ஆற்றிவிட்டுக் கலப்பதில் இரண்டு காரியம் நடக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் முளையில்தான் உண்டு. கொதிக்கிற களியில் விழுந்தால் அவை செத்துப்போகும். கட்டி தட்டாமலிருப்பது இன்னொன்று. கொதிநீரில் ராகி மாவை நேரே கொட்டினால் என்ன ஆகும் என்று கூழ் காய்ச்சும் எவருக்கும் தெரியும். வெளிப்புறம் உடனே வெந்து பசையாக மூடிக்கொள்ள, உள்ளே மாவு ஈரம்படாமல் அப்படியே கிடக்கும். அதனால்தான் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அடுப்பில் வைப்பது.

இன்று வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்காகப் பார்லி முளையின் சாற்றைச் சுண்டவைத்துப் பாகாகவோ பொடியாகவோ விற்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்டில் நொதியின் வேலை முன்பே முடிந்திருக்கும். கட்டித் தொல்லை மட்டும் தீரவில்லை. பொடி ஈரத்தை இழுக்கும் சுபாவம் உள்ளது. பானை வாய்க்கு மேலே கரண்டியைப் பிடித்தாலே ஆவி பட்டு மிட்டாய்போல் இறுகிவிடும். பாகு கனமானது, நேரே அடிக்குப் போய்ப் பிடித்துத் தீய்ந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிய நீரில் தனியே கரைத்து ஊற்றுவதுதான் வழி. கொதி வந்தபின் திரிந்த பால்போல் மிதக்கும் திரள் வேறு சங்கதி. அது சூட்டில் உறைந்த புரதம். தானே அடியில் படிந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. புளித்து முடிந்ததும் ஈஸ்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வண்டலாக இறங்குவதும் இயல்புதான். நூல்நூலாக இழுபடும் கோழைதான் கெட்டது.

கொங்கு நாட்டு மடத்துக்குளம் வட்டாரத்தில் சாடியின் இடத்தைக் கள்ளுப்பானை பிடித்திருந்தது. அமராவதிக் கரையில் தென்னை, மேட்டாங்காட்டு வரப்பில் பனை. பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட்டே புளிக்க வைத்துவிடும். முளையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். சில மணி நேரத்தில் வெள்ளையாகக் கலங்கி நுரைக்கும். அடியில் தங்குவது மண்டி. வடிகட்டப் பயன்பட்டது மட்டையடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் பன்னாடை. நல்லதைக் கீழே விட்டுக் கசடை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் அதை நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாக்கியது. வசைச் சொல்லாக அது இன்றும் புழங்குகிறது. பானைக்கு அது செய்த உபகாரத்தைப் பார்த்தால், அநியாயமான வசைதான்.

புளிக்காமல் இறக்க வேண்டுமானால் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார்கள். காரம் ஏறியதும் ஈஸ்ட் முடங்கும். கொங்கு நாட்டார் தெளுவு என்றும் மற்றவர்கள் பதநீர் என்றும் சொல்வது அதைத்தான். பூச்சு குறைந்தால் புளிப்பு தட்டும், மிஞ்சினால் நாக்கில் காரும். அளவு மரமேறியின் கையில்தான் இருந்தது.

1937-ல் ராஜாஜியின் அரசு மதுவிலக்குச் சட்டம் இயற்றிச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்த்தி, பிறகு இறுக்கி, 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள். 1987 தொடக்கத்தோடு கள்ளுக்கடை மூடப்பட்டது. மேற்கே மலை தாண்டிப் பாலக்காட்டுச் சித்தூரில் தென்னங்கள் சட்டப்படி இறங்குகிறது. இங்கே அதே மரத்தில் கள்ளுக்காக முட்டி கட்டினால் வழக்கு. 2017-ல் நீரா என்னும் புளிக்காத தென்னஞ்சாற்றுக்கு மட்டும் அரசு வழிவிட்டது.

முட்டி போனாலும், இனிப்புச் சாற்றைக் கோழையாக்கும் நுண்ணுயிர் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. 1957-ல் அமராவதி அணை கட்டி முடிந்தது, கரும்பு பெருகியது. மடத்துக்குளத்தை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தது. மொலாசஸிலிருந்து ஸ்பிரிட் வடிக்கும் பிரிவும் அதில் அமைந்தது. எந்தச் சர்க்கரை ஆலையும் அஞ்சும் நுண்ணுயிர் ஒன்று உண்டு: லூக்கோனோஸ்டாக். கள்ளிலும் இருப்பது அதுதான். ஐரோப்பிய ஆலைகளின் தொட்டிகளில் தவளை முட்டைபோல் திரண்ட கோழையை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் வான் டீகம் 1878-ல் இதற்குப் பெயரிட்டார். வெட்டிய கரும்பு ஆலை வாசலில் வண்டியோடு காய்ந்தால், வெட்டுவாய் வழியே இது புகுந்து சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்னும் பசையாக்கிவிடும். சாறு வடியாது, சர்க்கரை மணியும் ஊசிபோல் நீளும்.

மரமேறியின் சுண்ணாம்பு ஆலையிலும் உண்டு, வேலைதான் வேறு. சூடான சாற்றில் சுண்ணாம்புப் பால் விட்டு, அழுக்கை வேண்டுமென்றே கட்டியாக்கி அடியில் இறக்கித் தெளிவெடுக்கிறார்கள்.

வீட்டுச் சாடிக்குத் திரும்பினால், பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் அதற்கு இடம்தந்து 1978-ல் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. பெரும்பாணாற்றுப்படையின் சாடியை இன்று தமிழ்நாட்டில் எவராவது வீட்டில் வைத்தால், 1937-ன் சட்டப்படி அது குற்றம்.