துணிக்கை ஆர்முடுக்கியும் பொறியியலாளரும்



களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் வாழும் மாணவனொருவன் அணுப் பொறியியல் கற்க விழைகின்றான் என்று வைத்துக்கொள்வோம். ஆயினும் அவனுள்ளம் அணுவுலையைக் காட்டிலும் துணிக்கை ஆர்முடுக்கியையே நாடுகின்றது. மின்னேற்றம் பெற்ற நுண்துணிக்கைகளை மின்விசையாற் பெருவேகத்துக்கு உந்தும் சாதனமே ஆர்முடுக்கி. "அது பௌதிக அறிஞருக்கு உரியதன்றோ? பொறியியலாளனுக்கு அங்கே என்ன வேலை?" என்று வீட்டார் வினவக்கூடும். இதற்கு வரலாறே விடை பகர்கின்றது.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம் நாட்டுக் கல்லொன்றும் இடம்பெறுகின்றது. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், சப்பிரகமுவையிற் கிடைத்த பாரமான கருநிறக் கனிப்பொருளொன்றை விவரித்தார். 1904 இல் அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அதிலிருந்து பெற்ற உப்பு, இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒற்றோ ஹான் என்ற இளைஞர் கைக்கு வந்தது. இரசாயனத் தொழிற்சாலையொன்றில் உத்தியோகம் பெறும் நோக்குடன் ஆங்கிலம் பயில வந்தவர் அவர். 1905 இல் அவ்வுப்பில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். தொழிற்சாலை எண்ணத்தைக் கைவிட்டு ஆராய்ச்சியையே தொழிலாக்கிக்கொண்டார். 1938 இல் அவரும் ஸ்திராஸ்மனும் நடாத்திய பரிசோதனை, யுரேனிய அணுக்கரு பிளவுறுவதை உலகுக்கு வெளிப்படுத்தியது.

கல் தானாக உமிழும் துணிக்கைகளின் வேகம் நம் விருப்பத்துக்கு அடங்குவதில்லை. ஆகவே அத்தகைய துணிக்கைகளைக் கருவியால் உந்தவேண்டுமெனக் கேம்பிரிட்ஜிலே ரதர்போர்ட் விரும்பினார். அதனை நிறைவேற்றிய ஜோன் கொக்குறொவ்ற், முதலில் மின் பொறியியல் கற்று, மெற்றோபொலிற்றன் விக்கேர்ஸ் தொழிற்சாலையிற் பயிற்சி பெற்றவர். அதன் பின்னரே கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்றார். உயர் மின்னழுத்தமும் வெற்றிடமும் தொழிற்சாலைக்காரர் கைப்பழக்கத்தில் உள்ளவை. அவரும் வால்ற்றனும் 1932 ஏப்பிரல் 14 அன்று, உந்தப்பட்ட புரோத்தன்களால் இலிதிய அணுக்கருவை உடைத்தனர். 1951 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதற்கிடையே, 1946 இல் கொக்குறொவ்ற், பிரித்தானியாவின் ஹார்வெல் அணுசக்தி நிலையத்துக்குத் தலைவரானார். ஆர்முடுக்கி செய்தவரே அணுவுலைப் பணிக்கும் வழிகாட்டினார்.

இன்றும் இரு துறைகளும் அயல் வீடுகளே. காந்தம், வெற்றிடம், வானொலி அலைவலு ஆகியவற்றை மின், எந்திரப் பொறியியலாளர் கவனிக்க, கதிர்வீச்சைத் தடுக்கும் சுவரின் பருமனைக் கணிப்பதும், துணிக்கை மோதும் இலக்கு எவ்வளவு கதிரியக்கம் பெறுமென அறிவதும் அணுப் பொறியியல் கற்றவர்க்கே இயல்பாகக் கைவரும் பணிகள்.

அணுமின் நிலையம் இன்னும் எழாத நம் நாட்டிலும் வாயில்கள் முற்றாக அடைபட்டில. முகத்துவாரத்துக்கு அணித்தேயுள்ள ஒருகொடவத்தையில் இலங்கை அணுசக்திச் சபை இயங்குகின்றது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் நேர்கோட்டு ஆர்முடுக்கிகள் நோயாளருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கின்றன. அங்கே கதிரின் அளவு பிழைப்பின் உயிருக்கு ஊறு நேரலாம். 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள ஆர்முடுக்கியையுடைய ஜெனீவாவின் சேர்ன் நிறுவனத்துடன் இலங்கை 2017 இல் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது.

எனவே, பெற்றோரே, மாணவனின் விருப்பத்தைத் தடுக்கவேண்டாம். தம்பி, நீ மின்காந்தவியலையும் கணிதத்தையும் பழுதறக் கற்றுக்கொள். பட்டறையிற் கையழுக்குப்படவும் கூசாதே. கொக்குறொவ்ற்றுக்குக் கேம்பிரிட்ஜிற் கைகொடுத்தது அந்தப் பட்டறைப் பழக்கமே.