ஆயாசத்தின் சரித்திரம்

பிரளய காலத்தில் உலகை மூழ்கடிக்க எழுந்த வெள்ளத்தைச் சிவபெருமான் தம் சூலத்தால் பூமியைத் துளைத்து உள்ளே சுழித்து இறங்கச் செய்தார் என்றும், அந்தச் சுழியே ஊரின் பெயராக நிலைத்தது என்றும் திருச்சுழியின் ஸ்தல புராணம் கூறுகிறது. சுந்தரர் பாடிய அந்தத் தலத்தில் இன்று நிற்பவருக்கு வெள்ளத்தைக் கற்பனை செய்து பார்ப்பதும் கடினம். குண்டாற்றின் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் காய்ந்து கிடக்க, மேற்கே அருப்புக்கோட்டை வரையில் கரிசலும் கண்மாயும் சீமைக் கருவேலமுமாக விரியும் இந்த வானம் பார்த்த சீமையில், ஒரு குடும்பத்தின் ஜீவனம் அதன் கிணற்றைப் பொறுத்தது. இறைக்கிற கிணறு ஊறும் என்பது பழமொழி. ஆனால், இரவெல்லாம் ஊறவிட்டுத்தான் காலையில் இறைக்க வேண்டும் என்பதையும், ஊற்றுக்கண்ணின் வேகத்தை மீறி இறைத்தால் முதலில் கலங்கலும் பிறகு சேறுமே மேலே வரும் என்பதையும் அறியாத சம்சாரி இங்கே ஒருவரும் இல்லை. மண்ணையும் நீரையும் பற்றி நாம் பெற்றிருந்த இந்த அறிவை, நோயாளியின் தலைமாட்டில் நின்ற பெண்களின் விஷயத்தில் மட்டும் ஏன் மறந்தோம் என்ற கேள்வியே இதை எழுதும்படி என்னைத் தூண்டுகிறது.

ஆஸ்பத்திரிகள் வருவதற்கு முன்னும் இச்சீமையில் கொள்ளைநோய் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது பசியோடு வாந்திபேதியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் திருச்சுழிக்கு அருகிலுள்ள மண்டபசாலையில் ஒரு நிலையம் வைத்திருந்தார்கள். எனினும், பரந்து கிடந்த கிராமங்களில் பெரும்பாலான நோயாளிகளுக்குச் சுச்ருஷை செய்தவர்கள் அவர்களுடைய தாயும் தாரமும் தமக்கையுமே ஆவர். அவர்கள் எத்தனை இரவுகள் கண் விழித்தார்கள் என்பதற்கு எந்த அரசாங்கக் குறிப்பும் இல்லை.

ஆயினும் அம்மை நோயைப் பற்றிய பழைய வழக்கம் ஒன்றை நான் நெடுநேரம் எண்ணிப் பார்ப்பதுண்டு. வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகப்படும். அடுக்களையில் தாளிப்பு நின்றுவிடும். அயலார் வருகை தடைப்படும். பணிவிடை செய்பவள் சுத்த நியமத்தோடு நோயாளியின் பக்கத்திலேயே இருப்பாள். அம்மை இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று அதற்கு ஒரு முறை உண்டு. மூன்றாம் தண்ணீரோடு நோயாளி விடுபடுவது போலவே, உடனிருந்தவளும் விரதத்திலிருந்து விடுபட்டாள். அம்மையை நோயாக அன்றித் தெய்வமாகக் கொண்ட அந்த நம்பிக்கையை நான் போற்ற வரவில்லை. பெரியம்மையை 1975-ல் இத்தேசத்திலிருந்து துரத்தியது அம்மைப்பாலே அன்றி வேப்பிலை அன்று. ஆனால் பணிவிடைக்கு ஒரு தொடக்கமும், ஊரறிய ஒரு முடிவும் வேண்டும் என்பதை அந்த வழக்கம் அறிந்திருந்தது. பிற்காலத்தில் இதே பணி சம்பளத்துக்குரிய தொழிலாக மாறியபோது, தொடக்கத்துக்கு உத்தரவு வந்தது. முடிவைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தத் தொழில் சென்னையிலே பிறந்தது. 1854-ல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றை அரசாங்கம் அங்கே அனுமதித்தது. 1871-ல் அரசாங்கப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1885-ல் பாலின் ரூட் என்னும் பெண் மருத்துவர் மதுரை மிஷனுக்கு வந்தார். வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ் பள்ளியைத் தொடங்கினார். 1926-ல் சென்னை ராஜதானி செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் பதிவுச் சட்டம் இயற்றியது. பிள்ளைப்பேறு சிக்கலானால் மாட்டு வண்டியில் மதுரையை நோக்கிப் புறப்பட வேண்டியிருந்த இக்கரிசல் ஜனங்கள் அந்தப் புதிய பெண்களை முதலில் நர்சம்மா என்றார்கள், பிறகு சிஸ்டர் என்றார்கள். நூல்களில் தாதி என்று எழுதினார்கள். அரசாங்கம் கடைசியில் செவிலியர் என்ற சொல்லை ஏற்றது.

செவிலி என்பது அழகான சொல். சங்கச் செய்யுளில் அவள் வளர்ப்புத் தாய்; மகள் உடன்போக்கில் சென்றபின் பாலை வழியில் தேடி அலைபவள். எனினும், தாய்மையின் பெயரைச் சூட்டிய உடனேயே தாயிடம் எதிர்பார்ப்பதையெல்லாம் எதிர்பார்க்கும் உரிமையும் நமக்குக் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். தாய் வேலை நேரம் கேட்பதில்லை. தாய் களைப்பைச் சொல்வதில்லை. எட்டு மணி நேர உழைப்பாளி ஒருத்தியை நாம் அந்தச் சொல்லுக்குள் மறைத்துவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

மறைந்திருந்ததை எண்ணிக் காட்டியவர்களும் இருந்தார்கள். 1946-ல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, அன்றைய பாரதத்தில் ஏறத்தாழ 7,000 நர்ஸுகளே இருந்தார்கள் என்றும், 43,000 ஜனங்களுக்கு ஒருவர் வீதமே கிட்டினார் என்றும் கூறியது. 1989-ல் நம் சென்னையைச் சேர்ந்த சரோஜினி வரதப்பன் தலைமையில் அறிக்கை தந்த உயர்நிலைக் குழு, வாரத்துக்கு 40 மணி நேரமே வேலை இருக்க வேண்டும் என்றது. காலையில் சில மணி, மாலையில் சில மணி என்று ஒரே நாளை இரண்டாகக் கிழிக்கும் பணிமுறையைக் கைவிட்டுத் தொடர்ச்சியான ஒரே பணிநேரம் வேண்டும் என்றது. பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு டூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் தனியொருத்தியாகச் சுற்றி வந்த எவருக்கும் அந்த அளவுகோல் எங்கே இருந்தது என்று தெரியும்: காகிதத்தில்.

கொரோனாப் பெருந்தொற்று வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2015-ல், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையில் தேறிய ஆயிரக்கணக்கான செவிலியர் மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்த அடிப்படையில் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் அமர்த்தப்பட்டனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னைத் தேனாம்பேட்டையில் கூடிப் போராடினர். நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொல்லிற்று. பின்னர் ஊதியம் 14,000 ரூபாயாயிற்று. கிணறு அப்போதே பாதி வற்றியிருந்தது.

2020-ஆம் ஆண்டு, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் ஆண்டு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தால் பிரகடனம் செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டு மார்ச் 25-ல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், முதியவர்கள் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றழைக்கும் அவ்விடத்தில் நிகழ்ந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். தறிகள் நெருங்கிய வீதிகளிலிருந்தும், மல்லிகைத் தோட்டங்களிலிருந்தும், நூற்பாலைகளிலிருந்தும் மூச்சு முட்டியவர்கள் முதலில் ஊர் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து விருதுநகருக்கும், நிலை முற்றினால் மதுரைக்கும் போனார்கள்.

அக்கினி நட்சத்திரத்து வெயிலில் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் நிற்பது என்ன என்பதை இக்கரிசல் பூமியில் பிறந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உடை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் ஆவி படியும். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க முடியாது. மாதவிலக்கு நாட்களிலும் வெளியே வர வழியில்லை. தேகத்தின் இந்தச் சிரமத்தைக் காட்டிலும் பெரியது, தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிய செவிலியர் சுமந்த வித்தையின் பாரம். வென்டிலேட்டரின் அலாரத்தில் எது குழாய் கழன்ற ஓசை, எது உயிர் கழலும் ஓசை என்று பிரித்தறிவது, பிராணவாயுவின் அளவு இறங்குமுன்பே முகத்தின் நிறத்தைக் கண்டுகொள்வது, குழாய்கள் அறுந்துவிடாமல் கனத்த சரீரத்தைக் குப்புறப் புரட்டுவது ஆகியவை ஒரு மாதத்தில் கற்பிக்கக் கூடியவை அல்ல. அரசாங்கம் 2020 மே மாதத்தில் 2,570 செவிலியரை ஆறு மாத ஒப்பந்தத்தில் நியமித்தது, நல்ல காரியமே. ஆனால் புதியவர்கள் வந்தபோது, பழகியவள் தன் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அவர்களுடைய கைகளையும் கவனிக்க வேண்டியவளானாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறவினர் உள்ளே வரக்கூடாத அந்த நாட்களில், இறப்பவரின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்து, மறுமுனையில் அழுகிறவர்களின் குரலைக் கேட்கச் செய்தவர்களும் செவிலியரே. தாது வருஷத்தில் தாயும் தாரமும் இருந்த இடத்தில் அவர்கள் ஒவ்வொரு நாளும், ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டில்களின் அருகே நின்றார்கள். அந்தத் துக்கத்துக்கு எந்தத் தீட்டும் இல்லை, காரியமும் இல்லை. கட்டில் துடைக்கப்பட்டு அடுத்தவர் வந்தார். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்கு நோய் கண்டது.

நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் உழைத்த பிராய்டன்பர்கர் என்னும் மனவியல் நிபுணர், தம்மோடு தொண்டு செய்தவர்கள் எரிந்து முடிந்த கட்டிடம் போல் உள்ளே வெறுமையாவதைக் கண்டு 1974-ல் அதற்கு 'பர்ன்-அவுட்' என்று பெயர் சூட்டினார். 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அது நோயன்று, வேலையிடத்தில் விளையும் நிலை என்று வரையறுத்தது. சக்தி ஓய்தல், பணியிலிருந்து மனம் விலகுதல், செய்வது எதற்கும் பயனில்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் லட்சணங்கள். நம் பழைய உரைநடையில் ஆயாசம் என்றொரு சொல் உண்டு. தேகக் களைப்பையும் மனச் சோர்வையும் அது சேர்த்தே சுட்டும். வார்டுகளில் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. "முடியலக்கா" என்ற ஒற்றைச் சொல்லில் மூன்றும் அடங்கிவிடும். அதைக் கேட்ட மேலோர் சிலர் தியானமும் யோகமும் பழகச் சொன்னார்கள். தியானம் நல்லது, திருச்சுழி ரமணர் பிறந்த ஊர் என்பதை மறந்து நான் பேசவில்லை. ஆனால், ஆள் பற்றாக்குறையால் வந்த ஆயாசத்தை, ஆயாசப்பட்டவளின் மனத்தில் உள்ள குறையாகக் காண்பது நியாயமன்று என்பதே என் துணிபு.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இச்சீமை நெடுங்காலம் ஏங்கிய பாக்கியம் அது. அதே ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31-ஆம் தேதியோடு, கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர்களில் 2,472 செவிலியரின் பணி முடித்துக்கொள்ளப்பட்டது. அவர்கள் போராடினார்கள், மாவட்ட சுகாதாரச் சங்கங்களின் வழியாக வேலை தரப்படும் என்று அரசு பிறகு அறிவித்தது. வேலை முடிந்த தேதியைத் தாங்கிய உத்தரவு அவர்களுக்கு வந்தது. பணிவிடை முடிந்தது என்று ஊரறியத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள் வரவில்லை.